ஷேடு ஓகே

உக்காருங்ணா. அந்த சோபா வேண்டாமுங், ஏசிக்கு நேர் கீழ கெடக்கு, பத்து நிமிசத்துல கழுத்து புடிச்சுக்கும். இப்பிடி என் பக்கத்துல வாங்க. இங்கிருந்து பாத்தா வாசலும் தெரியும், சர்வீஸ் கவுண்டரும் தெரியும், டிவியும் தெரியும். டிவிய விட்டுருங்க. நாள் முழுக்க இவனுக வண்டி மலை ஏறறதுதான் அதுல ஓடும். எங்க வண்டி பல்லடம் ரோட்டுல ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறலை.

காபி குடிக்கறீங்ளா? மெசின்ல ரெண்டாவது பட்டனை அமுக்குங்க. மொதல் பட்டனுக்கு மேலயும் காபின்னுதான் எழுதியிருப்பான், நம்பிராதீங்க. அது வேற என்னமோ. பத்தொம்பது நாளா குடிச்சுப் பாக்கறேன், இன்னும் புடிபடலை. எங்கூரு சாயப்பட்டறைத் தண்ணிய சூடு பண்ணிச் சக்கரை போட்டா அந்த ருசி வரும்னு நெனைக்கறேன்.

டெஸ்ட் டிரைவுக்குத்தான வந்தீங்க? வெள்ளை ஹைப்ரிட்டு? ம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங். இப்பத்தான் வண்டியக் கழுவ உட்ருக்கானுக, வர இருவது நிமிசமாவும். எனக்கு அது போதுங்ணா. போன வாரம் ஈரோட்டுல இருந்து ஒரு டாக்டரு வந்தாரு, அவருக்கு எட்டு நிமிசந்தான் ஆச்சு. எழுதி வெச்ச செக்கைத் திரும்பப் பைக்குள்ள போட்டுட்டு, எனக்குக் கை குடுத்துட்டுப் போனாரு. இதுவரைக்கும் பதினோரு பேரு. நீங்க பன்னெண்டு.

பயப்படாதீங்க, எதிர் கடைக்காரன் அனுப்புன ஆளில்ல நானு. கஸ்டமரு. அந்தச் செவுத்துல போர்டு பாருங்க. 'வாகனம் தயாராகும் வரை வாடிக்கையாளர்கள் இங்கு ஓய்வெடுக்கலாம்.' எங்க வண்டி இன்னும் தயாராகலை. நான் ஓய்வெடுக்கறேன். காலைல பத்து மணிக்கு வந்தா சாயங்காலம் ஆறு வரைக்கும் எடுக்கறேன். மொதல்ல சோபாவ மாத்திப் போட்டானுக. அப்பறம் டிவி ரிமோட்டை ஒளிச்சானுக. சக்கரை டப்பாவக் கூட எடுத்துட்டானுகங்ணா. நான் வீட்டுல இருந்து சக்கரை கொண்டாந்துட்டேன். இந்தாங்க, வேணும்னா போட்டுக்குங்க.

நான் போட்டிருக்கற பனியன் கலரு கண்ணு கூசுதுங்களா? மன்னிச்சுக்குங்க. இது கிளிப்பச்சை கூட இல்ல, கிளிக்குக் காய்ச்சல் வந்தா வர்ற பச்சை. ஸ்பெயின்காரன் ஆர்டரு. இந்த ஷேடை அவனுக்காகவே மூணு தடவை சாயம் போட்டு எடுத்தது, திருப்பூர்ல வேற எந்தக் கம்பெனிலயும் கெடையாது. கழுத்துத் தையல் கோணலாப் போச்சுன்னு ரிஜெக்ட் ஆன பீசு இது. எங்கூருல பாதிப் பேரு போட்டிருக்கறது வெளிநாட்டுக்காரன் வேண்டாம்னு சொன்னதுதானுங். இந்த ஏசிக்கு நல்லாருக்கும், முழுக்கை, தலைக்கு இழுத்து உட்டுக்கக் குல்லாயும் இருக்கு. உள்பக்கம் தொட்டுப் பாருங்க, பூனைக்குட்டி வயிறாட்டம். பஞ்சு லேசா உங்க சட்டைல ஒட்டும், தட்டி உட்டுக்குங்க.

சரி, கதைக்கு வர்றேன்.

வண்டி என்னுது இல்லீங். எங்கக்கா வீட்டுக்காரரு, சென்னியப்பன், எங்க மச்சான், அவருது. பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. பத்து மிசின்ல ஆரம்பிச்சு இன்னிக்கு நூத்திநாப்பது டைலருங்க. நான் அவங்க வீட்டுலதான் இருக்கேன். இன்ஜினியரிங் அஞ்சாவது செமஸ்டரோட நிறுத்திட்டேன். மெக்கானிக்கலு. ஹீட் டிரான்ஸ்ஃபர்னு ஒரு பேப்பருங், சூடு எங்கிருந்து எங்க போகுதுன்னு எழுதணும். நாலு தடவை எழுதுனேன். சூடு எங்க போச்சுன்னு தெரியலை, நான் வெளிய போயிட்டேன்.

அப்பறம் மச்சானுக்கு டிரைவரு. டிரைவருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, 'மாப்ள கூட இருக்கறான்'னு சொல்லுவாங்க. கூட இருக்கறவனுக்குச் சம்பளம் இல்ல பாருங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் சாப்பிடறப்ப மச்சான் கேட்டாரு. "ஏன் மாப்ள, பெரிய வண்டியா ஒண்ணு எடுக்கணும், வெளிநாட்டு ஆர்டர் புடிச்சுத் தர்ற பையிங் ஆபீஸ்காரங்க நாம எதுல வந்து எறங்கறோம்னு பாக்கறாங்க. எதை எடுக்கலாம்? நீ சொல்லு, நீதான மெக்கானிக்கலு."

நல்லாக் கேட்டுக்குங்ணா. என்னைக் கேட்டாரு. எங்கப்பா உசுரோட இருந்த வரைக்கும் டீக்கு சக்கரை போடட்டுமான்னு கூட என்னைக் கேட்டதில்ல. இவரு முப்பத்தஞ்சு லட்ச ரூவா வண்டிய என்னைக் கேட்டாரு. எங்கக்கா சுகுணா ரசம் ஊத்திட்டிருந்தவ கரண்டியோட நின்னுட்டா. நான் சொன்னேன், "ஹைப்ரிட் எடுங்க மச்சான். பெட்ரோலும் இருக்கும், கரண்டும் இருக்கும், ஒண்ணு போனா ஒண்ணு." ரெண்டும் ஒண்ணாப் போகும்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது.

டெலிவரி அன்னிக்கு இதே எடந்தான். அந்தா அந்த மூலைல செவப்புத் துணி போத்தி வெச்சிருந்தாங்க. அட்டைல ஆளுயரச் சாவி. கேக்கு. மச்சான் கேக்கு வெட்டி எனக்குத்தான் மொதல்ல ஊட்டுனாரு, "மாப்ள செலக்சன்"னு எல்லாத்துக்கும் சொல்லிச் சொல்லி. அந்த போட்டோ இன்னமும் வீட்டு ஹால்ல இருக்கு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனோம். சீட்டுக்குப் போட்டிருந்த பாலித்தீன் கவரைப் பிரிக்கக் கூடாதுன்னு மச்சான் சொல்லிட்டாரு. இன்னொண்ணும் சொன்னாரு, "இதுல மனுசன் மட்டும் ஏறணும் மாப்ள. சரக்கு ஏறப்படாது. ஒரு பட்டன் பாக்கெட்டு கூட ஏறப்படாது." சரின்னேன்.

வண்டியோட ஒரு புஸ்தகம் குடுத்தானுங்ணா, செங்கல்லு கனம். கட்டிங் டேபிள் ஒண்ணு கால் ஆடிட்டிருந்துச்சு, அதுக்கு அடிக்கு வெச்சோம். அப்பறம் அந்த டேபிள் ஆடவே இல்ல. இவனுக குடுத்ததுல ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே பொருள் அதுதான்.

ஒன்றரை வருசம் வண்டி தேனு. பொய் சொல்ல மாட்டேன். அதுக்கப்பறந்தான் ஆரம்பிச்சுது. ஓட்டிட்டிருக்கறப்ப டொய்ங்னு ஒரு சத்தம். திரையில மஞ்சளா ஒரு முக்கோணம், 'ஹைப்ரிட் அமைப்பைச் சோதிக்கவும்'. சோதிக்கணுமாம், நான் எங்க சோதிக்கறது, நாலு தடவை சோதனைல பெயிலானவன். இங்க கொண்டாந்தேன். ஒரு கம்ப்யூட்டர சொருகுனானுக, ரீசெட்டுன்னானுக, மூவாயிரத்தி எண்ணூறு. ஒம்பது நாள்ல மறுபடி டொய்ங். சாஃப்ட்வேர் அப்டேட்டாமா, பதினோராயிரம். அதுக்கப்பறம் சின்ன பேட்டரி ஒண்ணு போச்சுன்னு மாத்துனானுக, பதினேழாயிரம். மூணு தடவையும் பில்லுல 'உட்புற சுத்தம்'னு தனியா ஒரு காசு. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க, பின்னால வேணும்.

நாலாவது தடவை பல்லடம் ரோட்டுல. பின்சீட்டுல பையிங் ஆபீசு மேடம், பெங்களூர்ல இருந்து வந்தவங்க. முன்னால மச்சான், வெள்ளைச் சட்டை. நான் ஓட்டறேன். ஸ்பீடு பிரேக்கர்ல டொய்ங். நின்னுருச்சு. ஏசி போச்சு, ஸ்டியரிங்கு கல்லாட்டம் ஆயிருச்சு. பின்னால லாரிக்காரன் ஆரனடிக்கறான். மச்சான் எறங்கி ஓரமாத் தள்ளறாரு. அந்த நேரம் பாத்து எங்க கம்பெனி டைலருங்கள ஏத்திட்டு எங்க பஸ்ஸே வருது. அம்பது பேரு சன்னல்ல எட்டிப் பாக்கறாங்க, மொதலாளி முப்பத்தஞ்சு லட்சத்தைத் தள்ளறத. எறங்கித் தள்ளி உட்டாங்கன்னு வைங்க, அது அதைவிட மோசம்.

அந்த மேடம் குடைய விரிச்சுட்டு, "நியூ வண்டிதானே சார்?"னு கேட்டாங்க.

மச்சான் கைய வேட்டில தொடச்சுட்டு சொன்னாரு, "மாப்ள சொல்லி எடுத்தது."

அவ்வளவுதானுங். திட்டலை. அதுக்கப்பறமும் திட்டலை. திட்டியிருந்தா மறந்திருப்பேன். அன்னிக்கு ராத்திரி சோத்துல உக்காந்தா, ஹால்ல அந்த போட்டோவத் தலைகீழா ஆணில மாட்டுனாப்ல இருக்கு எனக்கு. அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த ஷோரூம்ல ஒருத்தனையும் உடறதில்ல. வெச்சு செய்யறதுன்னு.

அந்தா கவுண்டருக்குப் பின்னால ஒருத்தன் குனிஞ்சு எழுதிட்டிருக்கான் பாருங்க. ஒல்லியா. ஜெபசிங்கு. சர்வீஸ் அட்வைசரு. தூத்துக்குடிப் பக்கம். ஒரு வாக்கியத்துக்கு மூணு சார் போடுவான். வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்து போட்ட ரெண்டாம் நாளு, இதே சோபா, சுத்தி ஏழெட்டுப் பேரு, வந்து நிக்கறான். "சார், பெரிய பேட்டரி போயிருச்சு சார். நாலு லட்சத்தி எண்பத்தாறாயிரம் வரும் சார். வாரண்டில வராது சார்." ஏன்டா வராதுன்னேன். "பின்சீட்டுக்குக் கீழ சல்லடை மாதிரி ஒரு சன்னல் இருக்கும் சார். அது வழியா காத்து போயித்தான் பேட்டரி குளிரணும். அது பூராம் பஞ்சு அடைச்சிருக்கு சார். பேட்டரி வெந்துருச்சு. பின்சீட்டுல என்ன சார் ஏத்துனீங்க?"

ஏழெட்டுப் பேருக்கு முன்னாலங்ணா. என்ன ஏத்துனீங்கன்னு.

"மனுசனைத்தான் ஏத்துனோம்"னேன். "எங்க ஊரு திருப்பூருடா. அங்க காத்துலயே பஞ்சு பறக்கும். மூக்கைச் சிந்துனா நூலு வரும். அந்த ஊருக்காரனுக்கு வண்டி விக்கத் தெரியுது, சன்னலைத் தொறக்கத் தெரியலையா? மூணு தடவை உட்புற சுத்தம்னு காசு வாங்குனியே, எதைச் சுத்தம் பண்ணே, உங்க ஸ்டீரியோவையா?" நெசம்தானுங்களே? மூணு தடவைல ஒரு தடவை தொறந்து பாத்திருந்தா பிரஷ் வெச்சுத் தட்டிட்டுப் போயிருக்கலாம். இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க.

சரி, பண்டல் ஏத்துனேன். அதை எதுக்கு இப்ப.

ஏத்துனேன்ங்ணா, மறைக்கலை. மொத டொய்ங்குக்கு முந்தின மாசம், இந்தப் பச்சை ஆர்டரு அவசரம். கட்டிங் ஒரு எடம், தையல் இன்னொரு எடம், நடுவுல ஆறு கிலோமீட்டரு. டெம்போ ரங்கன்தான் வழக்கமா அடிப்பான். அந்த மாசம் மச்சான் துணி பாக்க லூதியானா போயிட்டாரு. வண்டி சும்மா நிக்குது, ஏசி இருக்கு, பாட்டு இருக்கு. வெட்டுன பீசை மூட்டை கட்டிப் பின்சீட்டுல அடுக்கி, நானே ஒரு நாளைக்கு மூணு டிரிப்பு. பதினெட்டு நாளு. பாலித்தீன் கவர் இருந்துச்சே, சீட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ரங்கனுக்குப் போற டெம்போ வாடகைய நானே கம்பெனில எழுதி வாங்குனது, அது வேற கதை, உடுங்க. ஒரு வண்டின்னா அதுக்குப் பின்சீட்டுல ஒரு மூட்டை தாங்கக் கூடாதா? அப்பறம் எதுக்கு அது மலை ஏறுது டிவில?

எங்க உட்டேன். ஆங், வெச்சு செஞ்சது.

மொதல்ல போன் வரும் பாருங்க, 'எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்'னு. ஒம்பதுக்குக் கீழ போட்டா அந்த அட்வைசருக்கு அந்த மாச ஊக்கத்தொகை போச்சு. எனக்கு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. "மைனஸ் இருக்குங்களா"ன்னேன். அப்பறம் கம்பெனில டீ டைம்ல நூத்திநாப்பது டைலருங்களையும் நிக்க வெச்சு, போன்ல இந்த ஷோரூமுக்கு ஆளுக்கு ஒரு ஸ்டார் போட வெச்சேன். ஒடிசாக்காரப் பசங்க அவங்க பாசையிலயே எழுதுனாங்க. ஒருத்தன் மட்டும் 'சாப்பாடு பரவாயில்லை'ன்னு போட்டுட்டான், அதைக் கணக்குல எடுக்காதீங்க.

அப்பறம் டெலிவரி. எவனாச்சும் குடும்பத்தோட வந்து செவப்புத் துணிய உருவறப்ப நான் எந்திரிச்சுப் போயிக் கை தட்டுவேன். எல்லாத்தையும் விட சத்தமா. கேக்கு ஒரு துண்டு வாங்கிக்குவேன். "வாழ்த்துக்கள்ங்க, நம்ம வண்டி உள்ள ஐசியூல இருக்கு, வேணா ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க"ன்னுவேன். ஒரு அம்மா அட்டைச் சாவியக் கையில வெச்சுட்டே அழுதுருச்சு. அதுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஜெபசிங்கு முன்ன டை கட்டுவான். இப்பக் கட்டறதில்ல. முன்னால நின்னு கஸ்டமர்கிட்டப் பேசிட்டிருந்தவன கவுண்டருக்குப் பின்னால எழுத்து வேலைக்குப் போட்டுட்டாங்க. ஒரு நாள் மத்தியானம் டயரு அடுக்கி வெச்சிருக்கற எடத்துல தனியா உக்காந்து டப்பால தயிர்சோறு தின்னுட்டிருந்தான். பாவமாத்தான் இருந்துச்சு. ரெண்டு நிமிசம். அப்பறம் பல்லடம் ரோடு நெனப்பு வந்துருச்சு.

இதுல இன்னொண்ணு சொல்லணும். மச்சான் தெனமும் சாயங்காலம் கேக்கறாரு, "இன்னிக்கு என்ன மாப்ள சொன்னானுக?" நான் சொல்லுவேன், "விடறதா இல்லீங்க மச்சான், வாரண்டில மாத்திக் குடுக்கற வரைக்கும் உக்காந்திருக்கேன்." அவரு மூஞ்சில லேசா ஒரு திருப்தி வரும். அக்கா ரெண்டாவது தோசைய எனக்குத்தான் மொதல்ல வெப்பா. பத்தொம்பது நாளா அந்த வீட்டுல எனக்கு ஒரு வேலை இருக்குங்ணா. 'கூட இருக்கறான்' இல்ல, 'சண்டை போடறான்'.

நெசத்துல ஏழாம் நாளே மேனேஜரு எறங்கி வந்துட்டாரு. பேட்டரில பாதிய நாங்க ஏத்துக்கறோம், ஓனரு வந்து ஒரு ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, பழைய சாமானை வாங்கிட்டுப் போகட்டும்னாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன். மச்சானுக்கு அது தெரியாது.

ஏன்னா அந்தப் பழைய சாமான் இருக்கு பாருங்க.

எங்க மச்சானுக்கு ஒரு பழக்கம். எதை ரிப்பேரு பண்ணாலும் கழட்டுன பொருளு வீட்டுக்கு வந்தாகணும். மோட்டாரு காயிலு, மிக்சி பிளேடு, வாசிங் மெசின் பெல்ட்டு, எல்லாம் மாடில ஒரு அலமாரில தேதி எழுதி இருக்கும். அவரு பித்தப்பைல எடுத்த கல்லுகூட பாட்டில்ல இருக்குங், ஆஸ்பத்திரில சண்டை போட்டு வாங்கிட்டு வந்தாரு. கழட்டுனதைப் பாத்தா போதும், ஏன் போச்சு, யாரால போச்சுன்னு சொல்லிருவாரு. கட்டிங்ல கழிவுத் துணியக் கையில எடுத்தார்னா, இது எந்த டேபிளு, எவன் தூங்கிட்டே வெட்டுனான்னு பேரோட சொல்லுவாரு.

மொத நாளு வந்தப்ப கெத்துக்கு நான்தான் கத்துனேன், "ஒரு ஸ்குரூ உடாம பழைய சாமான் பூராம் வேணும், ஓனரு கையில மட்டுந்தான் குடுக்கணும், வேலைச் சீட்டுல எழுதுங்கடா"ன்னு. எழுதிட்டானுக. எழுதுனதை அப்பிடியே செய்யறானுகங்ணா. ஒழுங்கா வேலை செய்ய இவனுகளுக்கு அந்த ஒரு நாளுதான் கெடச்சுதா?

ஜெபசிங்கு பின்னால கண்ணாடி அலமாரி தெரியுதா? ரெண்டாவது தட்டு. ஜிப்பு வெச்ச பாலித்தீன் பை. அதுக்குள்ள அந்த சன்னல்ல இருந்து எடுத்த பஞ்சு. எங்கூரு காத்துல இருந்து வந்ததுதான். காத்து பச்சையா இருக்குமான்னு நீங்க கேக்கப்படாது.

மச்சான் டியூப் லைட்டை நம்ப மாட்டாருங். ஷேடு பாக்கறதுன்னா துணிய எடுத்துட்டு வெளிய வெயிலுக்குப் போயிருவாரு. அப்ரூவ் ஆன சாம்பிளை ஒரு கையில, வந்த துணிய ஒரு கையில, பக்கத்துல பக்கத்துல வெச்சு, தலைய இந்தப் பக்கம் சாய்ச்சு, அந்தப் பக்கம் சாய்ச்சு, சாயப்பட்டறைக்காரன் மூச்சைப் புடிச்சுட்டு நிப்பான். ஒத்து வந்தா ஒரே வார்த்தைதான், 'ஷேடு ஓகே'. அதைச் சொல்லிட்டார்னா அப்பறம் ஆண்டவனே வந்தாலும் மாத்த மாட்டாரு. துணிக்குக் கல்யாணம் ஆன மாதிரி.

இன்னிக்கு அவரு வர்றாரு. பதினோரு மணிக்கு. நான் கூப்பிடலை, இவனுக நேரா அவருக்கே போன் போட்டுட்டானுக. அதனால உங்களால ஒரு சின்ன உதவிங்ணா. பெருசா ஒண்ணுமில்ல. நீங்க கவுண்டருக்குப் போயி ஜெபசிங்கைக் கூப்பிட்டு, மைலேஜு எவ்வளவு, கலரு என்னென்ன இருக்குன்னு கேட்டுட்டு, அப்பிடியே அந்த டிஸ்பிளே வண்டி வரைக்கும் தள்ளிட்டுப் போயிருங்க. மூணு நிமிசம். சாவி அலமாரிலயேதான் தொங்குது. பையத் தூக்க வேண்டாம், பஞ்சை மட்டும் மாத்தி வேற வெச்சுருவேன். இந்தா, வெள்ளைப் பஞ்சு, காலைல மெடிக்கல்ல வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்.

யோசிக்காதீங்க. நான் உங்களுக்கு நாலு லட்சம் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன், நீங்க எனக்கு மூணு நிமிசம் குடுக்கப்படாதா?

இருங்க.

அது ரங்கன் டெம்போ மாதிரி இருக்கு. டெம்போதான். மச்சான் எதுக்கு டெம்போவுல வர்றாரு? வாடகைக் கார் வெச்சு அனுப்பறேன்னு அக்கா சொன்னாளே. ரங்கன் ஓட்டிட்டு வர்றான். திருப்பூர்ல இருந்து இங்க ஒண்ணேகால் மணி நேரங்ணா. ஒண்ணேகால் மணி நேரம் ரங்கன்கூட ஒரே சீட்டுல. ரங்கன் கம்முன்னு வர்ற ஆளே இல்ல. சிக்னலுக்கு சிக்னல் பேசுவான்.

நீங்க எந்திரிக்காதீங்க. இனி வேண்டாம்.

நேரா கவுண்டருக்குப் போயிட்டாரு. கேக்கறாரு. ஜெபசிங்கு அலமாரியத் தொறக்கறான். சாருகூடப் போடலை பாருங்க. பையக் குடுத்துட்டான். ஒரு நோட்டு நீட்டறான், கையெழுத்து. மச்சான் பையத் தூக்கி டியூப் லைட்டுல பாக்கறாரு. அதுல நம்ப மாட்டாரு. நான் சொன்னேன்ல, அதுல நம்ப மாட்டாரு. திரும்பறாரு.

வாங்க மச்சான். இப்பத்தான் வந்தீங்ளா. இவருங்களா, சும்மா, வண்டி பாக்க வந்திருக்காருங்க. நான் என்ன சொல்லிட்டிருந்தேனுங்களா? நல்ல வண்டின்னு சொல்லிட்டிருந்தேனுங்க மச்சான். ஏனுங்ணா, அப்பிடித்தான சொன்னேன்? சொல்லுங்ணா.

ஏன் மச்சான் கையப் புடிக்கறீங்க. வர்றேனுங்க. மெதுவா இழுங்க, ஏற்கெனவே ரிஜெக்ட் பீசு.

*

போயிராதீங்ணா. ஒரு நிமிசம், அந்த சக்கரை டப்பாவ எடுக்க வந்தேன்.

கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான இருந்தீங்க. நானும் பதினோரு பேருக்கு இதே கண்ணாடி வழியா எங்க வண்டியக் காட்டியிருக்கேன்.

வெயில்ல நிறுத்துனாரு. ஜிப்பைப் பிரிச்சாரு. ஒரு கிள்ளு எடுத்து என் தோள் மேல வெச்சாரு. தலைய இந்தப் பக்கம் சாய்ச்சாரு. அந்தப் பக்கம் சாய்ச்சாரு. ரங்கன் டெம்போவுல இருந்து பாத்துட்டிருக்கான். நான் மூச்சைப் புடிச்சுட்டு நின்னேன், சாயப்பட்டறைக்காரனாட்டம்.

"ஷேடு ஓகே"ன்னாரு.

நான் சொன்னேன், "இவனுகளையும் கேளுங்க மச்சான். மூணு தடவை வந்தப்ப ஏன் தொறக்கலைன்னு கேளுங்க." என்னைப் பாக்காமயே உள்ள வந்தாரு. மேனேஜரைக் கூப்பிட்டு அதையேதான் கேட்டாரு, என் வார்த்தையவே. மூணு பில்லையும் மேசைல வெச்சு, 'உட்புற சுத்தம்'ங்கற எடத்துல வெரலை வெச்சாரு. அவ்வளவுதான். மூணு பில்லும் தள்ளுபடி, பேட்டரில பாதி இவனுக. ஏழாம் நாளே பாதி தர்றோம்னு சொன்னோமே, உங்க மாப்ளதான் வேண்டாம்னாருன்னு அந்த மேனேஜரு வேற போட்டு உட்டுட்டான். மச்சான் அவன்கிட்டயே பேனாவ வாங்குனாரு. கையெழுத்துப் போட்டாரு. நாலு நிமிசம் ஆயிருக்குமுங். நான் பத்தொம்பது நாளு.

பாலித்தீன் பைய மடிச்சு சட்டைப் பைக்குள்ள வெச்சுட்டாரு. அலமாரிக்குப் போகும். தேதி எழுதி.

வண்டி வர நாலு நாள் ஆகுமாம். யாரு வந்து எடுப்பாங்கன்னு கேட்டாங்க. "டிரைவர் ஒருத்தரைப் போடணும்"னாரு. அப்பறம் என்கிட்ட, "மாப்ள, டெம்போவுல பின்னால ஏறிக்க." முன்னால எடம் இருக்குதுங்ணா. மூணு பேரு தாராளமா உக்காரலாம். பின்னால ஏறிக்கன்னாரு.

சரி, உங்க வெள்ளை வந்துருச்சு பாருங்க, கழுவித் தொடச்சு. போங்க, ஓட்டிப் பாருங்க. நல்ல வண்டிதானுங். பின்சீட்டுக்குக் கீழ அந்த சன்னலை மட்டும் அப்பப்ப தொறந்து பாத்துக்குங்க. புஸ்தகத்துல நூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு மேனேஜரு சொன்னாரு. டேபிளுக்கு அடில நூத்திப் பன்னெண்டாம் பக்கம்.

இவன் எதுக்கு இங்க வர்றான்? ஜெபசிங்கு. கையில தட்டு. மச்சானுக்கு ஒரு காபி குடுத்துட்டு எனக்கும் கொண்டாறான் பாருங்ணா. வெச்சுட்டு சிரிக்கக்கூட இல்ல. "குடிங்க சார். ரொம்ப நாளா உக்காந்திருக்கீங்க சார்." பத்தொம்பது நாளு அவனை அந்தப் பாடு படுத்தியிருக்கேன், மனுசன் காபி போட்டுக் கொண்டாந்து குடுக்கறான்.

இருங்க, குடிச்சுப் பாக்கறேன்.

மொதல் பட்டனுங்ணா.